காரத்துக்கு ஏற்ற ஒயின்: மோசல் ரீஸ்லிங்

இனிக்கும் ஒயின் என்றாலே குடிக்கத் தெரியாதவர்களுக்கானது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினை அவர்கள் சாப்பாட்டோடு குடித்துப் பார்க்க வேண்டும். அதில் சர்க்கரை இருப்பதே புளிப்புக்கு ஈடுகொடுக்கத்தான்.

மோசல் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 50 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. பழத்துக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தைத் திராட்சை தன் சுவாசத்தில் செலவழிக்கும். வெயில் கூடக்கூடச் செலவும் கூடும். அதனால் வெப்பமான ஊர்களில் பழம் கனிவதற்குள் புளிப்பு கரைந்துவிடுகிறது. மோசலின் குளிரில் சர்க்கரை மெல்ல ஏறுகிறது, புளிப்பும் தங்கிவிடுகிறது.

ஆனால் அந்தக் குளிரில் பழம் கனிய வேண்டுமே! அதற்குத்தான் செங்குத்துச் சரிவுகள். பிரெம் என்ற ஊரின் கால்மோன்ட் தோட்டம் சில இடங்களில் 65 டிகிரி வரை சாய்ந்திருக்கிறது. தாழ்வாக வரும் சூரியக் கதிர் அங்கே நேராக விழும். கரிய சிலேட் பாறை பகலில் வாங்கிய சூட்டை மாலைக்குப் பின் விடும். இந்தப் பாறையின் ருசியே ஒயினில் இறங்குகிறது என்று விற்பவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பாறையின் வேலை சூட்டோடு முடிகிறது.

மீதி வேலை நிலவறையில். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் 1 சதவீதம் ஆல்கஹால் உண்டாகும். இனிப்பான காபினெட் வகைக்கு, சர்க்கரை முழுவதும் தீருமுன்பே தொட்டியைக் குளிர்வித்து, ஈஸ்டை வடிகட்டி எடுத்துவிடுவார்கள். ஆல்கஹால் 8, 9 சதவீதத்தில் நின்றுவிடும். கடையில் இதை வைத்தே இனிப்பைக் கண்டுபிடிக்கலாம்: புட்டியில் 8 என்று இருந்தால் சர்க்கரை மிஞ்சியிருக்கிறது, 12 என்றால் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ‘ட்ரோக்கன்’ என்று அச்சிட்டிருந்தால் லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்காது.

இப்போது தட்டுக்கு வருவோம். மிளகாயின் கேப்சைசின் நாக்கில் டிஆர்பிவி1 என்ற புரதத்தைத் தூண்டுகிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால் விழித்துக்கொள்ள வேண்டிய புரதம் அது. ஆல்கஹால் அந்த வரம்பைக் கீழே இறக்கிவிடுவதால் உடல் சூடே எரிச்சலாகத் தெரியத் தொடங்கும். 14 சதவீதச் சிவப்பு ஒயினோடு தாய்லாந்துக் குழம்பைச் சாப்பிட்டால் வாய் பற்றி எரிவது இதனால்தான். போதாததற்குச் சிவப்பில் தோலிலிருந்து இறங்கிய டேனின் துவர்ப்பு வேறு. ரீஸ்லிங்கில் தோலை நீக்கிச் சாற்றை மட்டுமே புளிக்க வைப்பதால் அந்தத் துவர்ப்பு மிகக் குறைவு, ஆல்கஹாலும் குறைவு. மிஞ்சிய சர்க்கரை எரிச்சலையும் தணிக்கிறது.

கொழுப்புக்கு மருந்து புளிப்பு. அது உமிழ்நீரைச் சுரக்க வைத்து நாக்கில் படிந்த நெய்ப்பசையைக் கழுவிவிடும். ஜெர்மானியர்கள் பன்றி இறைச்சியையும் புளித்த முட்டைக்கோஸான சவர்கிராட்டையும் ரீஸ்லிங்கோடு சாப்பிடுவதில் இந்த நியாயம் இருக்கிறது. சவர்கிராட்டின் புளிப்புக்கு முன்னால் மென்மையான ஒயின் சப்பென்று போய்விடும், இது போகாது. புகையூட்டிய டிரவுட் மீனுக்கு நான் ட்ரோக்கனைத்தான் எடுப்பேன்.

இனிப்புப் பலகாரத்தோடு மட்டும் காபினெட் வேண்டாம். ஒயினைவிடப் பலகாரம் இனித்தால் நாக்குக்கு வெறும் புளிப்புதான் தெரியும். ஆப்பிள் கேக்குக்கு, நன்கு கனிந்த குலைகளைப் பொறுக்கிச் செய்யும், இன்னும் இனிப்பான ஆவுஸ்லேஸ வகை இருக்கிறது. விலைதான் கொஞ்சம் அதிகம்.