பழங்காலக் கருவி இல்லை, அக்காலக் கருவி

"பழங்கால இசைக்கருவிகளில் வாசிக்கப்பட்ட மொசார்ட்" என்று இன்னொரு முறை படித்துவிட்டேன். இந்தத் தடவை சும்மா இருக்க முடியவில்லை. இதே வரியைப் படித்த நண்பர் ஒருவர், "என்ன, யாழ் மாதிரி ஏதாவது வைத்து வாசிக்கிறார்களா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. பழங்காலம் என்றால் நம் மனசு நேராகக் கீழடிக்குப் போய்த்தான் நிற்கும். மொசார்ட் தன் முதல் வயலின் கான்செர்ட்டோவை (தனி வயலினும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எழுதியது 1773-இல், மற்ற நான்கையும் 1775-இல், எல்லாமே சால்ஸ்பர்க்கில். 1775 முத்துசாமி தீட்சிதர் பிறந்த ஆண்டு. தீட்சிதர் கிருதியை யாராவது "பழங்கால இசை" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

மூலச்சொல் 'பீரியட் இன்ஸ்ட்ருமென்ட்': ஒரு படைப்பு எழுதப்பட்ட காலத்து அமைப்பில் இருக்கும் கருவி. பீரியட் கிரேக்கத்திலிருந்து வந்தது: 'பெரி' என்றால் சுற்றி, 'ஹொடோஸ்' என்றால் வழி. சுற்றி வரும் வழி என்பது ஒரு சுற்றுக்கு ஆகும் காலமாகி, பிறகு ஏதோ ஒரு காலப்பகுதி என்றாகி, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் பள்ளிக்கூடத்து மூன்றாவது பீரியட் அந்தக் காலப்பகுதிதான். கடைசியாக இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது: 'குறிப்பிட்ட காலத்துக்கு உரிய'. 'பீரியட் படம்' என்று சினிமாக்காரர்கள் சொல்வது இந்தப் பொருளில். 1940களில் நடக்கும் கதையைப் போன வருஷம் எடுத்தாலும் அது பீரியட் படம்; அதைப் பழைய படம் என்று சொன்னால் டீக்கடையில்கூடச் சிரிப்பார்கள். சினிமாவில் நமக்கு நன்றாகவே புரிகிற இந்த வித்தியாசம் வயலின் பக்கம் வந்தால் மட்டும் ஏன் மறந்துபோகிறது என்று தெரியவில்லை.

இங்கே கருவியின் வயசு பேச்சே இல்லை, அமைப்புதான் பேச்சு. பெயர்பெற்ற இத்தாலிய வயலின் தச்சர் ஸ்ட்ராடிவாரி 1737-இல் இறந்துபோனார். அவர் செய்த வயலின்களில் பெரும்பாலானவற்றைப் பிற்காலத்தில் பிரித்துப் பழுது பார்த்தவர்கள், கழுத்தை மாற்றி, நீளமாக்கி, பின்பக்கம் சாய்த்து, உள்ளே தாங்குகிற கட்டையைக் கனமாக்கி, பெரிய அரங்குகளில் உரக்கக் கேட்கிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். தாடை வைக்கும் கட்டை ஷ்போர் என்ற வயலின் கலைஞர் 1820 வாக்கில் கொண்டுவந்தது. எஃகுக் கம்பி வந்தது இன்னும் பின்னால். ஆக, முந்நூறு வயசான ஸ்ட்ராடிவாரி ஒன்று நவீன வயலினாக இருக்கலாம். ஒரு தச்சர் போன வருஷம் பழைய அளவுகளை வைத்துச் செய்து, குடலில் திரித்த நரம்பு கட்டிய வயலின் பீரியட் வயலினாக இருக்கலாம். 'பழங்கால' என்ற சொல் முதலாவதை உள்ளே விடும், இரண்டாவதை வெளியே தள்ளும். இதைவிடத் தலைகீழாக ஒரு சொல் வேலை செய்ய முடியுமா!

"வாசகருக்குப் புரிந்தால் போதாதா?" என்று ஒருவர் வாதாடினார். புரியவில்லை என்பதுதானே என் புகார். தப்பாகப் புரிவதைப் புரிந்ததாகக் கணக்கில் எழுதக்கூடாது.

சரி, வேறு என்ன இருக்கிறது? 'காலக் கருவி' என்று ஒரு நேர்மொழிபெயர்ப்பு உலவுகிறது. படித்தால் கடிகாரம் நினைவுக்கு வருகிறது, இல்லாவிட்டால் ஏறி உட்கார்ந்து பின்னோக்கிப் போகிற அந்த இயந்திரம். 'பாரம்பரிய வாத்தியம்' இன்னும் மோசம். பாரம்பரியம் என்றால் கை மாறிக் கை மாறி அறுபடாமல் வருவது. இது அறுந்துபோய், இருபதாம் நூற்றாண்டில் சிலர் நூல்களையும் அருங்காட்சியகங்களையும் துழாவித் திரும்ப ஒட்டவைத்த விஷயம். மொசார்ட்டின் அப்பா லியோபோல்ட் 1756-இல் எழுதிய வயலின் பாடநூலை எடுத்து வைத்துக்கொண்டு புதிதாகக் கற்றுக்கொண்டார்கள். 'அசல் கருவி' ஓரளவு பரவாயில்லை; ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில், இப்படிப்பட்ட கருவிகளில் வாசித்த ஹாக்வுட் குழுவின் இசைத்தட்டுகளில் அந்தப் பொருளில்தான் போட்டார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் மற்றவன் வாசிப்பது போலி என்றாகிவிடும். வீண் சண்டை. நகல் வயலினை அசல் என்பதும் இடிக்கிறது.

நான் சொல்வது 'அக்காலக் கருவி'. எக்காலம் என்று உடனே கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், அந்தக் கேள்வியைக் கேட்கவைப்பதால்தான் எனக்கு இந்தச் சொல் பிடித்திருக்கிறது. எந்தப் படைப்போ அதன் காலம். 1775-இன் வில் வேறு. பாரிஸில் தூர்த் செய்த புது வில் 1780களில்தான் பரவ ஆரம்பித்தது. பீத்தோவன் கான்செர்ட்டோவை 1806 டிசம்பரில் வியன்னாவில் கிளெமென்ட் முதன்முதலாக வாசித்தபோது வில் எவ்வளவோ மாறிவிட்டது. முப்பத்தோரு வருஷம்தான் இடைவெளி, 'பழங்கால' இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும். கட்டுரைக்குள் எழுதும்போது இன்னும் எளிது: மொசார்ட் காலத்து வயலின், பீத்தோவன் காலத்து வில். 'காலத்து' என்று நம் பாட்டிகள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல் கையிலேயே இருக்கிறது.

விதிவிலக்கு ஒன்று. கிறிஸ்டோஃப் கோன்ஸ் என்ற வயலின் கலைஞர் மொசார்ட்டின் சொந்த வயலினிலேயே அவருடைய ஐந்து கான்செர்ட்டோக்களையும் வாசித்து, பதிவு 2020-இல் வெளிவந்தது. அதைப் பழைய வயலின் என்று தாராளமாகச் சொல்லுங்கள், ஆட்சேபமில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் இன்னொரு கோபமும் இருக்கிறது, இறக்கி வைத்துவிடுகிறேன். 'வயலின் கான்செர்ட்டோ' என்பதை 'வயலின் கச்சேரி' என்று எழுதாதீர்கள். கச்சேரி ஒரு சாயங்கால நிகழ்ச்சி. கான்செர்ட்டோ என்பது தனி வயலினும் குழுவும் சேர்ந்தும் எதிர்த்தும் வாசிக்க எழுதிய ஒரு படைப்பு. தமிழில் சரியான சொல் கிடைக்கும்வரை கான்செர்ட்டோவே இருக்கட்டும். மாறாக, சொல் இருக்கிற இடத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆட்டுக் குடலில் திரித்த அந்த இழையைக் 'குடல் கம்பி' என்று எழுதுகிறார்கள். கம்பி என்றால் உலோகம் இல்லையா? யாழில் கட்டியதைச் சங்கப் பாட்டுக்காரர்கள் நரம்பு என்றுதான் பாடினார்கள். நண்பர் யாழ் என்று சொன்னது அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கிட்டத்தட்ட சரி.