அச்சுக்கு அடியில் இறங்கும் வண்ணம்

பழங்காநத்தத்தில் ஒரு பெயின்ட் பட்டறை. பைக்கிலிருந்து கழற்றிய பெட்ரோல் டேங்க் மேசை மேல் இருக்கிறது. ஜல்லிக்கட்டுக் காளையின் உருவம் வெட்டிய பழைய எக்ஸ்ரே பிலிமை அதன் மேல் ஒட்டி, பெயின்டர் அண்ணன் ஏர்பிரஷால் இரண்டு வீச்சு அடித்தார். பிலிமை எடுத்தால் கொம்பின் நுனி ஊசியாக நின்றது. அடுத்து நான் அடித்தேன். அதே பிலிம், அதே வண்ணம். ஆனால் கொம்பைச் சுற்றி மயிர் முளைத்ததுபோல் சின்னச் சின்னக் கோடுகள்.

"வெட்டு சுத்தமாத்தான் இருக்கு தம்பி. நீங்க ஈரமா ஏத்திட்டீங்க, அடியில இறங்கிருச்சு" என்றார்.

ஸ்டென்சிலின், அதாவது உருவம் வெட்டிய இந்த அச்சின், அறிவியல் முழுவதும் அந்த 'அடியில இறங்கிருச்சு'வில் இருக்கிறது.

ஏர்பிரஷின் மூக்கில் உள்ள துளை பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர்தான். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று அந்த மூக்கைச் சுற்றி வேகமாகப் பாயும்போது நுனியில் அழுத்தம் குறைகிறது, வண்ணம் வெளியே இழுபடுகிறது. வந்த வண்ணத்தை அதே காற்று பிய்த்துத் துளிகளாக்குகிறது. தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய துளிகள். ஆனால் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை.

இனி களத்தில் நெல் தூற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மணி நேரே விழும், பதர் காற்றோடு போகும். இங்கேயும் அதேதான். காற்று டேங்கில் மோதியதும் பக்கவாட்டில் திரும்பி ஓடுகிறது. பெரிய துளி திரும்ப முடியாமல் நேரே போய் ஒட்டிக்கொள்கிறது. நுண்துளி காற்றோடு சேர்ந்து திரும்பி, அச்சின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தால் அதற்கு அடியில் நுழைகிறது. துளியின் விட்டம் பாதியானால், அதே வேகத்தில் அது நேரே ஓடக்கூடிய தூரம் கால்பங்காகக் குறையும். அழுத்தத்தைக் கூட்டினால் துளி பொடியாகும், பிலிமின் ஓரமும் படபடக்கும். இரண்டும் கெடுதல். அதனால்தான் அச்சு வேலைக்கு 15–20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) காற்றழுத்தம் போதும் என்கிறார்கள். சாய்த்து அடிக்காமல் செங்குத்தாக அடிப்பதும் இதற்காகவே.

என் காளைக்கு மயிர் முளைத்ததற்குக் காரணம் வேறு: நுண்புழை ஈர்ப்பு. குறுகிய இடைவெளியில் ஈரம் தானாகவே ஊர்ந்து போகும். இடைவெளி பாதியானால் இழுவை இரட்டிப்பாகும். அதாவது ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கும் அச்சுதான் ஈர வண்ணத்தை மிகப் பலமாக உறிஞ்சுகிறது. நன்றாக ஒட்டியிருந்தால் உள்ளே போக வழியில்லை. ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்தால் ஈர்ப்பு இல்லை. ஓரம் மட்டும் அகல்விளக்கின் நிழல்போல மெதுவாகக் கரையும்.

தீர்வு, வண்ணம் முக்கால் ஈரமாக வந்து விழுவது. ஓட விடாமல் மூன்று நான்கு மெல்லிய பூச்சு, இடையில் கொஞ்சம் உலர விடுதல். அண்ணன் காட்டிய இன்னொரு உத்தி எனக்கு ரொம்பப் பிடித்தது: அச்சை ஒட்டியதும் முதலில் டேங்கின் சொந்த நிறத்தையே ஒரு வீச்சு அடிக்கிறார். உள்ளே இறங்குவதெல்லாம் அந்த நிறமாக இறங்கி, உலர்ந்து, இடுக்கை அடைத்துவிடும். கண்ணுக்கும் தெரியாது. பிறகு வரும் வெள்ளைக்கு நுழைய இடமில்லை.

பரப்பு மாறினால் கணக்கும் மாறும். உலோகத்தில் பிசுக்கு நீக்கி, பொடி உப்புத்தாளால் பளபளப்பை மழுக்கினால் வண்ணம் பிடிக்கும். பாலிதீன், பாலிப்ரொப்பிலின் சாமான்களில் தண்ணீர் கலந்த வண்ணம் தாமரை இலைத் தண்ணீர்தான். அதற்கென்ற பிரைமர் இல்லாமல் நிற்காது.

துணி தனி உலகம். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியில் துணியைக் கிள்ளி நூலால் இறுக்கி முடிச்சுப் போடுகிறார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி பிறக்கிறது. அச்சும் செய்வது அதே வேலை, மறைப்பது. ஆனால் முடிச்சு இழைகளையே நெரித்து உள்வழியை அடைக்கிறது. அச்சோ மேலே மட்டும் கிடக்கிறது. பருத்தி இழைகளுக்கு இடையே ஆயிரம் நுண்புழைகள் இருக்க, எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் ஈரம் நூல் வழியே பக்கத்தில் பரவிவிடும். எனவே துணிக்குக் கெட்டியான துணி வண்ணம், குறைந்த அளவு, உலர்ந்த பிறகு இஸ்திரிச் சூடு.

விளாச்சேரிப் பொம்மைகள் போன்ற மண் உருவங்கள் எதிர்த் திசை. சுட்ட மண் ஈரத்தைக் கீழ்நோக்கிக் குடித்துவிடுவதால் ஓரம் அவ்வளவாகப் பரவாது. ஆனால் வளைவில் தட்டையான அச்சு உட்காராது. அங்கே வளைத்து வெட்டிய அட்டையைக் கையில் பிடித்து அடிப்பதே நல்லது. கன்னத்துச் சிவப்புக்குக் கரையும் ஓரம்தானே வேண்டும்!

எழுத்து வெட்டுகிறவர்களுக்கு ஒன்று. 'மதுரை' என்று வெட்டிப் பாருங்கள். 'ரை'யின் இரண்டு சுழியின் நடுப்பகுதியும் கழன்று விழுந்துவிடும். மெல்லிய பாலம் விட்டு வெட்டி, பிறகு தூரிகையால் அடைக்க வேண்டும். நம் வீட்டுக் கோல அச்சு கோட்டை வெட்டாமல் ஓட்டை ஓட்டையாகக் குத்தியிருப்பதும் இதனால்தான். எத்தனை சுழி இருந்தாலும் தகடு ஒன்றாகவே நிற்கிறது.

சித்திரை வெயிலில் துளி போகிற வழியிலேயே காய்ந்து, பரப்பு மணல்போல் சொரசொரக்கும்; காலையிலேயே வேலையை முடிப்பது உத்தமம். ஐப்பசியில் கம்ப்ரசருக்குள் ஈரம் தண்ணீராகி வண்ணத்தோடு துப்பும். குழாயில் நீர்ப்பிடிப்பான் வேண்டும்.

கடைசியாக, பதர்போல் திரும்பி ஓடும் அந்த நுண்துளி நம் மூச்சுக்காற்றோடும் திரும்பும். மூக்கில் நிற்காமல் நுரையீரல் வரை போகும். கைக்குட்டை கட்டினால் தடுக்காது. தண்ணீர் வண்ணத்துக்கு என்95 முகமூடியாவது போடுங்கள். தின்னர் ஆவிக்கு அதுவும் போதாது, கரி வடிகட்டி உள்ளது வேண்டும். ஹார்டனர் (வண்ணத்தை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் வண்டிப் பெயின்டில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது தீராத ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம். அதை வீட்டில் அடிக்கவே வேண்டாம்.