"பவர் இல்லாத லென்ஸ் தானே டாக்டர்"னு இனிமே சொல்லாதீங்க

இந்த வாரம் மறுபடியும் ஒண்ணு வந்துச்சு. 15 வயசு பையன், ஸ்கூல் நாடகத்துல ஏதோ மாயாவி வேஷமாம், அதுக்குன்னு முழி முழுக்க வெள்ளையா தெரியற லென்ஸ ஆன்லைன்ல வாங்கி சாயங்காலம் முழுக்க போட்டிருக்கான். ராத்திரி கழட்டப் பாத்தா வரல, கண்ணு காஞ்சு போயி ஒட்டிக்கிச்சு, பயத்துல நகத்தால கிள்ளி எடுத்துட்டான். கண்ண பெருசாக்கிக் காட்டுற ஸ்லிட் லேம்ப் மிஷின்ல உக்கார வச்சு ஒரு துளி சாயம் விட்டு நீல வெளிச்சத்துல பாத்தா ரெண்டு கண்ணுலயும் கார்னியா மேல, அதாவது கருவிழிய மூடியிருக்குற தெளிவான படலத்து மேல, பச்சைப் பச்சையா கீறல் மின்னுது. கிருமி இன்னும் உள்ள போகல, தப்பிச்சான். லென்ஸ் போட்ட கண்ணுல கீறல் விழுந்தா நாங்க பஞ்சு வச்சு கட்ட மாட்டோம், கட்டினா கிருமிக்கு இன்னும் வசதியா போயிரும், அதனால கண்ண திறந்தே விட்டு சொட்டு மருந்து எழுதிக் குடுத்து மறுநாளே வரச் சொன்னேன். அப்போதான் அவங்க அப்பா சொன்னாரு, "பவர் இல்லாத லென்ஸ் தானே டாக்டர், வெறும் கலருக்கு தானே போட்டான், அதுக்கா இவ்வளவு?"

இந்த ஒரு வார்த்தைய எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. அதனால இன்னைக்கு உக்காந்து எழுதிடறேன்.

பவர்ங்கறது என்ன? உங்களுக்கு தூரமோ கிட்டயோ சரியா தெரியலன்னா வெளிச்சத்த கொஞ்சம் வளைச்சுக் குடுக்குறதுக்கு லென்ஸ்ல பண்ணியிருக்குற வளைவு, அவ்வளவுதான். அது உங்க பார்வைக்கு சம்பந்தப்பட்ட விஷயம், உங்க கண்ணோட மேல்தோலுக்கு சம்பந்தமே இல்ல. கார்னியாவுக்கு தன் மேல ஒக்காந்திருக்கறது மைனஸ் மூணா பூஜ்யமான்னு தெரியாது, மேல ஒரு மூடி வந்து ஒக்காந்துருச்சுன்னு மட்டும்தான் தெரியும். கார்னியாவுல ரத்தக்குழாய் கிடையாது, அதனாலதான் அது கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு, அதனாலதான் அது மூச்சு விடறதுக்கு வெளிக்காத்துல இருக்குற ஆக்சிஜன கண்ணீர் வழியா எடுத்துக்குது. அது மேல ஒரு பிளாஸ்டிக் வட்டத்த வச்சு மூடுறீங்க. பவர் இருக்குற லென்ஸ்னா நாலு டெஸ்ட் பண்ணி, அளவெடுத்து, போடக் கத்துக் குடுத்து அனுப்புறோம், பவர் இல்லாததுக்கு இது எதுவுமே வேணாம்னு யாரு சொன்னது? உண்மையச் சொன்னா கலர் லென்ஸுக்குத்தான் இன்னும் கவனம் வேணும், ஏன்னா சாயம் சேர்ந்த லென்ஸ் பல சமயம் சாதா லென்ஸவிட கெட்டியா இருக்கும், காத்து குறைவா விடும். நல்ல கம்பெனி லென்ஸ்ல சாயத்த ரெண்டு அடுக்குக்கு நடுவுல புதைச்சு வச்சிருப்பாங்க, கண்ட எடத்துல விக்கிறதுல சாயம் மேலாகவே இருக்கும், அந்தச் சொரசொரப்புல கிருமி நல்லா ஒட்டிக்கும், ரெப்பைய மூடித் திறக்கும்போதெல்லாம் அது கண்ணு மேல உரசிக்கிட்டே இருக்கும்.

இன்னொன்னு, அந்த டப்பாவ ஒரு தடவை திருப்பிப் பாருங்க. பவர்னு போட்ட எடத்துல 0.00னு இருக்கும், சரி. பக்கத்துலயே பிசி 8.6, டயா 14.2ன்னு இன்னும் ரெண்டு நம்பர் இருக்கும், அத யாருமே பாக்க மாட்டேங்குறாங்க. முதல் நம்பர் லென்ஸோட உள்வளைவு, ரெண்டாவது அதோட அகலம், ரெண்டுமே மில்லிமீட்டர்ல. ஃபங்ஷனுக்கு ஷூ வாங்கும்போது கலர் மட்டும் பாத்தா வாங்குறீங்க, காலுக்கு சேருமான்னு போட்டு நடந்து பாக்குறீங்க இல்ல? கண்ணுக்கும் வளைவு ஆளுக்கு ஆள் மாறும். இறுக்கமா இருந்தா லென்ஸ் அசையாது, அடியில கண்ணீர் ஓடாது, செத்த செல்லும் அழுக்கும் அங்கேயே தேங்கும். லூசா இருந்தா கண் சிமிட்டும்போதெல்லாம் நகர்ந்து உரசும். இதுல கண்ணு பெருசா தெரியணும்னு சாயத்த வெளிய வரைக்கும் இழுத்த பெரிய வட்ட லென்ஸ் வேற இப்போ ஃபேஷன், அது இன்னும் நிறைய எடத்த மூடிடும். இதையெல்லாம் நாங்க மிஷின்ல வச்சு ரெண்டு நிமிஷத்துல அளந்துடுவோம், அந்த ரெண்டு நிமிஷத்துக்குத்தான் நான் இவ்வளவு கெஞ்சுறேன். அமெரிக்காவுல 2005லயே சட்டம் போட்டுட்டாங்க, கலருக்காக போட்டாலும் சரி பவருக்காக போட்டாலும் சரி, கான்டாக்ட் லென்ஸ் எல்லாமே மருத்துவ சாதனம், டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு. மேக்கப் சாமான்னு யாரும் அத கணக்குல சேர்க்கல.

இப்போ இந்தக் கட்டுரைய நான் எழுதறதுக்கு நிஜக் காரணமான பொண்ணப் பத்தி சொல்றேன், அடையாளம் தெரியற விஷயங்கள மாத்திட்டேன். 16 வயசு. கிட்டத்தட்ட மூணு மாசம் முன்னாடி வந்தா. ஸ்கூல் முடிக்கிற பார்ட்டிக்கு அவளே டிரஸ் டிசைன் பண்ணியிருக்கா, கரும்பச்சை, கழுத்துல அவளே பண்ணின எம்ப்ராய்டரி, ரெண்டு மாசமா நோட்டுல படம் வரைஞ்சு வச்சிருக்கா, அத பின்னாடி ஒரு நாள் எனக்கு கொண்டாந்து காட்டினா, அவ்வளவு அழகு. அந்தப் பச்சைக்கு கண்ணும் பச்சையா இருந்தா நல்லாருக்கும்னு தோணியிருக்கு. இதுல என்ன தப்பு? ஒண்ணும் இல்ல. அந்த வயசுல தான் யாரு, தனக்கு எது நல்லாருக்கும்னு தேடுறது டிரஸ்லயும் முடியிலயும் கண்ணுலயும்தான் ஆரம்பிக்கும், அத நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனா வீட்டுல கேட்டா திட்டுவாங்கன்னு ஃப்ரெண்டோட லென்ஸ ஒரு நாளைக்கு கடன் வாங்கியிருக்கா. ஃப்ரெண்ட் ஏற்கனவே ரெண்டு தடவை போட்டது. டப்பாவுல லென்ஸ ஊற வைக்கிற சொல்யூஷன் தீந்து போயிருக்கு, பாத்ரூம் குழாய்த் தண்ணில அலசி போட்டுக்கிட்டா.

பார்ட்டி முடிஞ்சு வர லேட், அசதில அப்படியே தூங்கிட்டா. காலைல கண்ணு உறுத்துது, செவப்பு. லென்ஸ எடுத்து ஒளிச்சு வச்சுட்டு அம்மாகிட்ட தூசி விழுந்துருச்சுன்னு சொல்லியிருக்கா. அம்மா வீட்டுல இருந்த பழைய சொட்டு மருந்த விட்டிருக்காங்க, அதுல ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு விட்டா செவப்பு கொறையும், வலியும் கொஞ்சம் அடங்கும், உள்ள கிருமி மட்டும் எதிர்ப்பே இல்லாம பரவும். ரெண்டாம் நாள் ராத்திரி வலி தாங்காம அழுதிருக்கா, மூணாம் நாள் காலைல கைக்குட்டையால கண்ண பொத்திக்கிட்டு அம்மா தோள்ல சாய்ஞ்சபடி என் ரூமுக்குள்ள வந்தா. கையை எடுத்ததுமே தெரிஞ்சு போச்சு, கண் பாப்பாவுக்கு நேரா மேல வெள்ளையா ஒரு புண்ணு, உள்ள சீழ் கீழ் பக்கமா கோடு மாதிரி தேங்கி நிக்குது. சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்பினோம், சூடோமோனாஸ்னு வந்துச்சு. லென்ஸ் போட்டு கண்ணு கெட்டு வர்றவங்ககிட்ட நாங்க அடிக்கடி பாக்குற கிருமி, ரொம்ப வேகம், விட்டா ஒண்ணு ரெண்டு நாள்ல கார்னியாவ கரைச்சு ஓட்டையே போட்டுடும். அட்மிட் பண்ணி மணிக்கொரு தடவை சொட்டு மருந்து, ராத்திரி பகல் ரெண்டும், அவளும் தூங்கல அவங்க அம்மாவும் தூங்கல.

லென்ஸ் போட்டியான்னு நான் மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் இல்லன்னுதான் சொன்னா. அம்மாவ வெளிய ஒக்கார சொல்லிட்டு மறுபடி கேட்டப்போ அழுதுக்கிட்டே தலையாட்டினா. பெத்தவங்களே, இந்த எடத்த மட்டும் தயவு செஞ்சு ரெண்டு தடவை படிங்க. அந்த ரெண்டு நாள் கிருமிக்கு கிடைச்சது குழாய்த் தண்ணியால இல்ல, பயத்தால. வேணாம்னு அதட்டினா பிள்ளைங்க ஆசைய விட்டுடறதில்ல, நமக்குத் தெரியாம பண்றாங்க, வலிச்சாலும் சொல்றதில்ல. கலர் லென்ஸ் வேணும்னு கேட்டா "வா, கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்கலாம்"னு சொல்லுங்க. விழாவுக்கு ஒரு மாசம் முன்னாடி வந்தா போதும். அளவு சேர்ந்தா தினசரி லென்ஸ் எழுதித் தருவேன், ஒரு நாள் போட்டுட்டு குப்பையில போடறது, எப்போவாவது போடற பிள்ளைங்களுக்கு அதுதான் சரி. கண்ணுல அலர்ஜியோ வறட்சியோ இருந்து சேரலன்னா நானே அவங்ககிட்ட சொல்றேன், உங்களுக்கு அந்த கெட்ட பேரு வேணாம்.

இப்போ பிள்ளைங்களுக்கு. உங்க லென்ஸ் உங்களுக்கு மட்டும்தான், உயிர்த் தோழியா இருந்தாலும் குடுக்காதீங்க வாங்காதீங்க, அஞ்சு நிமிஷம் போட்டோ எடுக்கறதுக்குக்கூட வேணாம். தண்ணி படவே கூடாது, குழாய்த் தண்ணி, மினரல் வாட்டர், குளிக்கிற தண்ணி, நீச்சல் குளம் எதுவுமே. தண்ணில அகந்தமீபான்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கு, அது கண்ணுல புகுந்துட்டா மருந்து வாரக்கணக்குல இல்ல, மாசக்கணக்குல போகும், வலியும் கூடவே போகும். எச்சில் தொட்டு போடறத இன்னும் பாக்குறேன், தயவு செஞ்சு வேணாம்பா. கைய சோப்பு போட்டு கழுவி நல்லா ஈரம் போக துடைச்சுட்டுத்தான் லென்ஸ தொடணும். லென்ஸோட தூங்கவே கூடாது, தூங்கினா கண்ணுல கிருமி தொத்துற வாய்ப்பு 6ல இருந்து 8 மடங்கு கூடுது, பத்து நிமிஷம் கார்ல கண்ணசந்தாலும் தூக்கம் தூக்கம்தான். மாசாந்திர லென்ஸ்னா டப்பா திறந்த நாள்ல இருந்து ஒரு மாசம், முப்பது தடவை போடலாம்னு அர்த்தம் இல்ல, போன வருஷ விழாவுக்கு வாங்கினத இந்த வருஷம் எடுக்காதீங்க. பழைய சொல்யூஷனுக்கு மேலயே புதுச ஊத்தாதீங்க, கொட்டிட்டு ஊத்துங்க, லென்ஸ் வைக்கிற கேஸ மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்துங்க.

ஒட்டிக்கிட்டு வரலன்னா அந்தப் பையன் மாதிரி கிள்ளாதீங்க. லென்ஸுக்குன்னு இருக்குற சொட்டு மருந்து நாலஞ்சு சொட்டு விட்டு, கண்ண மூடி அஞ்சு பத்து நிமிஷம் இருந்தா லென்ஸ் ஈரமாகி தானே அசைய ஆரம்பிக்கும், அப்புறம் விரல் நுனியால எடுங்க. அப்பவும் வரலன்னா வந்துடுங்க, எந்த நேரமா இருந்தாலும் யாரும் திட்ட மாட்டாங்க.

மேக்கப்ப பொறுத்தவரைக்கும் வரிசைதான் முக்கியம். ஹேர் ஸ்ப்ரே எல்லாத்துக்கும் முன்னாடி, அப்புறம் கை கழுவிட்டு லென்ஸ், அதுக்கப்புறம்தான் கண் மேக்கப். கழட்டும்போது லென்ஸ் முதல்ல, மேக்கப் அப்புறம். ரெப்பையோட உள்விளிம்புல மை இழுக்காதீங்க, அங்க கண்ணீர் ஆவியாகாம இருக்க எண்ணெய் சுரக்குற சின்னச் சின்ன துவாரம் வரிசையா இருக்கு, அத அடைச்சா கண்ணு காயும், கட்டி வரும். கிளிட்டர் லென்ஸுக்கு அடியில ஒண்ணு போனா போதும், கண்ணுல மணல் காகிதத்த தேச்ச மாதிரிதான். மஸ்காரா மூணு மாசத்துக்கு மேல வேணாம், அதையும் ஷேர் பண்ண வேணாம்.

மேடை ஏறுற பிள்ளைங்களுக்கு ஒண்ணு. கலர் லென்ஸ் நடுவுல பாக்குறதுக்கு விட்டிருக்குற தெளிவான வட்டம் ஒரே அளவுதான், ஆனா இருட்டுல உங்க கண் பாப்பா விரிஞ்சு அந்த வட்டத்தவிட பெருசாயிடும், அப்போ சாயம் பார்வைக்கு குறுக்க வரும். லைட் அணைச்சதும் மங்கலா தெரியுதுன்னா அதனாலதான், படி இறங்கும்போது யாராவது கைய புடிச்சுக்கோங்க.

கழட்டினதுக்கு அப்புறமும் வலி, செவப்பு, வெளிச்சம் பாத்தா கூசுறது, மங்கல், நீர் வடியறது, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே வரணும். நாளைக்கு பாக்கலாம்ங்கறதே வேணாம். மெடிக்கல் ஷாப்ல கேட்டு மருந்து வாங்காதீங்க, வீட்டுல இருக்குறதையும் விடாதீங்க. கழட்டின லென்ஸ தூக்கிப் போடாம கேஸ், சொல்யூஷன் பாட்டில் எல்லாத்தையும் அப்படியே கொண்டு வாங்க, கண்ணுல இருந்து கிருமி கிடைக்கலன்னாலும் பல சமயம் அந்த கேஸ்ல கிடைச்சுடும், சரியான மருந்து ஒரு நாள் முன்னாடி ஆரம்பிக்கலாம். லென்ஸ் போட்டோம்னு டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா சொல்லிடுங்க.

அந்தப் பொண்ணுக்கு புண்ணு ஆறிடுச்சு, ஆனா நடுவுல பூ விழுந்துருச்சு. கண்ணாடி போட்டா அந்தக் கண்ணுல சார்ட்டோட மூணாவது வரி வரைக்கும்தான் படிக்கிறா. கெட்டியான லென்ஸ் ஒண்ணு இருக்கு, தழும்பால மேடு பள்ளமான கார்னியாவ சமன் பண்ணி பார்வைய கொஞ்சம் கூட்டும், புண்ணு நல்லா இறுகினதும் அத போட்டுப் பாக்கப் போறோம், அதுவும் பத்தலன்னா கார்னியா மாற்று ஆபரேஷன், அதுக்கு ஒருத்தர் இறந்த பிறகு தானமா குடுத்த கண்ணு கிடைக்கணும். போன தடவை வந்தப்போ திரும்ப லென்ஸா டாக்டர்னு பயந்துட்டா. இந்தத் தடவை அளவெடுத்து, போடக் கத்துக் குடுத்து, நான் பக்கத்துலயே நிக்கிறேன்னு சொல்லியிருக்கேன். வியாழக்கிழமை வர்றா.