ஓஎல்இடி டிவியை மெயின் சுவிட்சில் அணைக்கிறீர்களா?

போன மாதம் மதுரையில் ஒரு வீட்டுக்கு சர்வீஸுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மூன்று வருடம் முன்பு வாங்கிய 55 இன்ச் ஓஎல்இடி டிவி. "கிரிக்கெட் கிரவுண்டைப் பாருங்க தம்பி, சேலை மடிப்பு மாதிரி கோடு கோடாத் தெரியுது" என்றார்.

பென் டிரைவில் எப்போதும் வைத்திருக்கும் சாம்பல் நிறப் படத்தைப் போட்டேன். மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள். அடுத்து முழுச் சிவப்புப் படம். கீழே நான்கு விரல் அகலத்துக்கு ஒரு நிழல், வலது மூலையில் ஒரு வட்டம். நியூஸ் சேனலின் ஓடும் செய்திப் பட்டையும் லோகோவும் பதிந்த தடம். எந்த நியூஸ் சேனல் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"நைட்டு எப்படி சார் ஆஃப் பண்ணுவீங்க?"

"ரிமோட்ல அணைப்பேன். உடனே ஸ்டெபிலைசர், அப்புறம் சுவிட்ச் போர்டு. முப்பது வருஷப் பழக்கம்." பெருமையாகத்தான் சொன்னார். நம் வீடுகளில் நல்ல பழக்கம்தான் அது. இந்த வகை டிவிக்கு மட்டும் ஆகாது.

எல்சிடி டிவியில் வெளிச்சம் பின்னால் இருக்கும் விளக்கிலிருந்து வருகிறது. திரையின் புள்ளிகள் (பிக்சல்கள்) அதை மறைக்கின்றன, விடுகின்றன, அவ்வளவே. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. எவ்வளவு கரன்ட் போகிறதோ அவ்வளவு வெளிச்சம். 4கே திரையில் 82,94,400 புள்ளிகள். அவர் வீட்டில் இருந்தது வெள்ளை ஓஎல்இடி பேனல். அதில் புள்ளிக்கு சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று நான்கு விளக்குகள். மொத்தம் 3.3 கோடி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூன்று டிரான்சிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் என்று வைத்தால், கண்ணாடிமேல் படிய வைத்த டிரான்சிஸ்டர்கள் ஏறக்குறைய 10 கோடி!

ஒரு விளக்கை மட்டும் பார்ப்போம். முதல் டிரான்சிஸ்டர் வாசல் கதவு. நொடிக்கு 60 அல்லது 120 தடவை திறந்து, 'இவ்வளவு வெளிச்சம் வேண்டும்' என்ற வோல்டேஜை உள்ளே விட்டு மூடிக்கொள்ளும். அடுத்த தடவை திறக்கும்வரை அதைப் பிடித்து வைத்திருப்பது கெபாசிட்டர். இரண்டாவது டிரான்சிஸ்டர்தான் குழாய். அந்த வோல்டேஜுக்கு ஏற்பக் கரன்ட்டைத் திறந்துவிடும். பழைய தண்ணீர்க் குழாயில் கைப்பிடி அரைச் சுற்று சும்மா சுற்றும், அப்புறம்தான் தண்ணீர் வரும், இல்லையா? இந்த டிரான்சிஸ்டரிலும் அப்படி ஒரு ஆரம்ப ஆட்டம் உண்டு. த்ரெஷோல்ட் வோல்டேஜ் என்போம். ஓட ஓட அது நகரும், அதுவும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு. ஒரே வோல்டேஜ் கொடுத்தும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் வேறு வேறு வெளிச்சம் காட்டும். தலைமையாசிரியர் பார்த்த சேலை மடிப்பு அதுதான்.

மூன்றாவது டிரான்சிஸ்டர் இதை அளப்பதற்கென்றே இருக்கிறது. படம் ஓடும்போது நிதானமாக அளக்க முடியாது. ரிமோட்டில் அணைத்த பிறகு, டிவி ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது, வரிசை வரிசையாக அளந்து, எந்தப் புள்ளிக்கு எவ்வளவு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளும். எல்ஜி டிவிகளில் மொத்தம் 4 மணி நேரம் பார்த்தபின் அணைத்தால் இந்தச் சின்ன வேலை நடக்கும். 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும் பெரிய வேலை. போர்டில் சுவிட்சைத் தட்டிவிட்டால் இரண்டும் நடக்காது. அவர் வீட்டில் மூன்று வருடமாக நடக்கவில்லை.

செல்போனுக்கும் இப்படியா என்று கேட்பார்கள். இல்லை. போன் திரையில் டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் வேறு பொருளால் ஆனவை. ஒரு விளக்குக்கு ஏழு டிரான்சிஸ்டர்கூட வைத்து, அந்த ஆட்டத்தை ஒவ்வொரு தடவையும் அங்கேயே ஈடுகட்டிக்கொள்ளும்.

மெனுவில் போய் பெரிய வேலையை ஓடவிட்டேன். காபி குடித்து, அவருடைய பழைய மாணவர்கள் கதையெல்லாம் கேட்டு முடிக்கவும் அது முடியவும் சரியாக இருந்தது. சாம்பல் படத்தில் பட்டைகள் காணோம். சிவப்புப் படத்தில் நியூஸ் சேனல் நிழல் அப்படியே இருந்தது. டிரான்சிஸ்டர் நகர்ந்ததைக் கணக்குப் போட்டுச் சரிசெய்யலாம். ஒளி தரும் பொருளே தேய்ந்துபோனால் அதிகக் கரன்ட் கொடுத்துத்தான் சமாளிக்க வேண்டும். அதற்கும் எல்லை இருக்கிறது. அந்த நிழலுக்கு மருந்து பேனல் மாற்றுவதுதான், அந்த விலைக்குப் புது டிவி பார்க்கலாம் என்று உள்ளதைச் சொன்னேன். லோகோ வெளிச்சத்தைக் குறைக்கும் செட்டிங்கைப் போட்டுக் கொடுத்தேன்.

மெனுவில் இருக்கிறதே என்று அந்தப் பெரிய வேலையை வாரம் ஒருமுறை ஓட்டாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்று சோனி தன் கையேட்டிலேயே சொல்கிறது. தானாக நடப்பதைத் தடுக்காமல் இருந்தால் போதும். இடி மின்னல் என்றால் தாராளமாக பிளக்கைப் பிடுங்குங்கள்; நின்றதும் திரும்பச் சொருகிவிடுங்கள். கரன்ட் பில் பயமா? ஸ்டாண்ட்பையில் அரை வாட் என்றால் வருடம் முழுக்க 5 யூனிட்கூட ஆகாது.

போர்டில் அந்த சுவிட்சுக்கு மேல் ஒரு டேப் ஒட்டிவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்து, ராத்திரி பதினொன்றரைக்கு அவரிடமிருந்து போன்.

"தம்பி, டிவிக்குள்ள 'டக்'குன்னு ஏதோ சத்தம். வெடிச்சிருச்சா?"

"உள்ளே இருக்கிற ரிலேங்கிற சுவிட்ச் சத்தம் சார். அளந்து முடிச்சிட்டு அதுவா ஆஃப் ஆகுது. நீங்க படுங்க."

"மூணு வருஷமா இந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லையேப்பா" என்றார்.