ஆல்ஃபா சேனல்: தெரிவுத் தடம்

ஃபோட்டோஷாப்பில் ஒரு பொருளின் ஓரத்தை மெனக்கெட்டுச் சுற்றி எடுத்து, ‘சேவ் செலக்‌ஷன்’ (தெரிவைச் சேமி) கொடுத்துச் சேமிக்கிறோம். பெயர் எதுவும் கொடுக்காவிட்டால், படத்தின் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் சேனல் பலகத்தில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குக் கீழே ‘ஆல்ஃபா 1’ என்று ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைத்தான் ஆல்ஃபா சேனல் என்கிறோம். இதற்குத் தமிழில் என்ன பெயர் பொருந்தும் என்று பார்க்கலாம்.

பார்த்தால் அது வெறும் கறுப்பு வெள்ளைப் படம்தான். வெள்ளையாக இருக்கும் இடம் தெரிவுக்குள் இருக்கிறது, கறுப்பு வெளியே இருக்கிறது. சாம்பல் நிறம் இருக்குமிடம் அரைகுறையாகத் தெரிவாகியிருக்கிறது. சாதாரண எட்டு பிட் படத்தில் 0 முதல் 255 வரை 256 படிகள். தலைமுடி, புகை, மங்கலான ஓரம் எல்லாம் இந்தச் சாம்பலில்தான் பிழைக்கின்றன. திரையில் ஊரும் புள்ளிக்கோடு பாதிக்கு மேல் தெரிவான இடத்தை மட்டும்தான் சுற்றிக் காட்டும். முழு உண்மை சேனலில்தான் இருக்கிறது.

கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்து, வெளிச்சத்தை மட்டும் மாற்றி ஒரு குத்துவிளக்கை இரண்டு படம் எடுத்திருக்கிறோம் என்று வையுங்கள். முதல் படத்தில் விளக்கின் தண்டு, அகல், உச்சியில் இருக்கும் அன்னம் வரை பொறுமையாகத் தெரிவு செய்து சேமித்துவிட்டால் போதும். அப்புறம் இரண்டாவது படத்தில் ‘லோட் செலக்‌ஷன்’ போய், மூலமாக முதல் கோப்பைக் காட்டினால் அதே தெரிவு அப்படியே வந்து இறங்கும். இரண்டு கோப்பும் திறந்திருக்க வேண்டும், நீள அகலம் பிக்சல் கணக்கில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றை ஓரம் வெட்டியிருந்தால்கூட அதன் பெயர் பட்டியலில் வராது. கோப்பை பிஎஸ்டி அல்லது டிஃப் வடிவில் சேமியுங்கள். ஜேபெக்கில் சேமித்தால் சேனல் போய்விடும், உழைப்பும் போய்விடும்.

சரி, ஆல்ஃபா எங்கிருந்து வந்தது? 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்முல்லும் ஒரு படத்தை இன்னொன்றின்மேல் பொருத்தும் வேலையில் இருந்தார்கள். ஒவ்வொரு பிக்சலிலும் மேல்படம் எவ்வளவு, கீழ்ப்படம் எவ்வளவு என்ற விகிதத்தையும் நிறங்களோடு சேர்த்து நான்காவது சேனலாக வைத்தார்கள். அந்த விகிதத்துக்குக் கணக்கில் வழக்கமாக எழுதும் கிரேக்க எழுத்து ஆல்ஃபா. மேல்படத்தை ஆல்ஃபாவாலும் கீழ்ப்படத்தை ‘ஒன்றில் ஆல்ஃபா போக மீதி’யாலும் பெருக்கிக் கூட்டினால் கலவை நிறம் கிடைக்கும். மேலே 200, கீழே 100, ஆல்ஃபா 0.25 என்றால் விடை 125. 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் எழுதிய கட்டுரை இந்தக் கணக்கை முறைப்படுத்தியது.

ஆகவே ஆல்ஃபா என்பது ஒரு சூத்திரத்தில் வந்த எழுத்து, அவ்வளவுதான். முதலெழுத்து என்பதால் ‘அகரத் தடம்’ என்று பெயர்த்தால் முதலாவது என்ற பொருள் வந்துவிடும். இதுவோ நான்காவதாக வந்தது. சேனல் என்பதன் வேர் லத்தீன் ‘கனாலிஸ்’: குழாய், வாய்க்கால். தொலைக்காட்சிக்குப் பழகிய ‘அலைவரிசை’ இங்கே பொருந்தாது, அலையே இல்லை. ‘தடம்’ நன்றாக உட்காருகிறது: சிவப்புத் தடம், பச்சைத் தடம், நீலத் தடம்.

செலக்‌ஷனுக்குத் ‘தேர்வு’ என்றால் தமிழ்நாட்டில் பரீட்சைதான் முதலில் நினைவுக்கு வரும். இலங்கையில் அன்றாடம் புழங்கும் ‘தெரிவு’ துல்லியமானது, பழையதும்கூட. குறளின் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தில் தெரிதல் என்பது ஆராய்ந்து தேர்ந்துகொள்வதுதான்.

இதனால் சேமித்த செலக்‌ஷனுக்குத் ‘தெரிவுத் தடம்’ என்பதே என் பரிந்துரை. பிஎன்ஜி படத்தில் பின்னணி தெரியும்படி விடுகிற ஆல்ஃபா வேறு வேலை செய்கிறது. அதற்கு ‘ஒளிபுகு தடம்’ சரி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான், செலக்‌ஷனைச் சேமித்தும் பின்னணி ஏன் மறையவில்லை என்று புதிதாகக் கற்பவர்கள் குழம்புகிறார்கள். தெரிவுத் தடம் எதையும் மறைப்பதில்லை. மறுபடி அழைக்கும்வரை கோப்புக்குள் சும்மா இருக்கும்.