ரைவல் என்றால் பங்காளி

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் இன்னொரு பேஸ்பால் அணி வேண்டுமா என்று பேச்சு எழுந்தாலே கூடவே 'ரைவல்ரி' என்ற ஆங்கிலச் சொல்லும் வந்துவிடும். பக்கத்து ஊரில் ஒரு ரைவல் இருந்தால்தான் ஆட்டம் சூடுபிடிக்கும் என்று ஒரு கட்சி, இருக்கிற கூட்டத்தை இரண்டாகப் பிரித்தால் இரண்டுமே உருப்படாது என்று இன்னொரு கட்சி. தமிழில் இதை எழுதுகிறவர்கள் ரைவல் என்றதும் கை போன போக்கில் 'பரம எதிரி', 'பரம வைரி' என்று போட்டுவிடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால் அது தப்பு. சரியான சொல் நம் சொந்தக்காரர்கள் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது: பங்காளி.

சொல்லின் பிறப்பை முதலில் பார்த்துவிடலாம். லத்தீனில் 'ரீவுஸ்' என்றால் ஓடை, வாய்க்கால். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் ஒருவருக்கொருவர் 'ரீவாலிஸ்'. நான் கற்பனையாகச் சொல்லவில்லை, 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த உல்பியன் என்ற ரோமச் சட்ட அறிஞர் இந்தச் சொல்லுக்கு அப்படித்தான் விளக்கம் தருகிறார், அதுவும் அவர்களுக்குள் தண்ணீர்த் தகராறு வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் இடத்தில். லத்தீன் நாடகக்காரர்கள் ஒரே பெண்ணை விரும்பும் இரண்டு ஆண்களுக்கும் இதே சொல்லைக் கொடுத்தார்கள். (நம்மிடம் ஒரே புருஷனைப் பங்குபோடும் இரண்டு பெண்களுக்குச் சக்களத்தி என்ற சொல் இருக்கிறது, கிட்டத்தட்ட அதே கணக்கு.) ஆங்கிலத்துக்கு 16-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த சொல் இன்று வாய்க்காலை மறந்துவிட்டு போட்டியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, ரைவல் என்றதும் ஆங்கில 'ரிவர்' நினைவுக்கு வரும், ஆனால் ரிவர் வேறு வீட்டுப் பிள்ளை. அது கரையைக் குறிக்கும் 'ரீபா' என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது.

கவனிக்க வேண்டியது, லத்தீனில் எதிரிக்கு வேறு சொல் இருந்தது. 'ஹோஸ்டிஸ்' என்பார்கள், அதன் பழைய பொருளே வெளியாள், அயலான். எதிரி வெளியிலிருந்து வருகிறவன். ரீவாலிஸ் பக்கத்து வயல்காரன்.

ஆற்றுப் பாசன ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாளில் ராத்திரி இரண்டு மணிக்கு நம் முறை என்றால் கையில் டார்ச்சும் தோளில் மண்வெட்டியுமாகப் போய் நிற்போம். தலைமடைக்காரர் தன் வயல் மடையைச் சேற்றையும் புல்லையும் வைத்து அடைத்துத்தான் இருப்பார், ஆனால் அடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும், கேட்டால் நண்டு போட்ட வளை என்பார். அந்த நண்டு வளையில் ஆரம்பிக்கிற சண்டை பேரன் காலம் வரைக்கும் போகும். ஆனாலும் ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால் வாய்க்காலைத் தூர்வார அதே இரண்டு பேரும்தான் இறங்கியாக வேண்டும், ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கும் தண்ணீர் இல்லை. 'வாய்க்கால் வரப்புத் தகராறு' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, ரைவல்ரி என்ற சொல்லின் அச்சு அசல் பிறந்த இடம் அதுதான்.

சரி, தமிழில் புழங்கும் சொற்களுக்கு வருவோம். போட்டியாளர் என்பது யாருக்கும் பொருந்தும், தேர்வில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் பொருந்தும், சூடு போதாது. எதிரணி என்பது அன்றைக்கு எதிரே ஆடுகிற யாரும். எதிரி என்றால் அழிந்துபோனால் நமக்கு நிம்மதி. வைரி காதுக்கு ரைவல் போலவே கேட்கிறது, ஆனால் ஒரு சம்பந்தமும் கிடையாது, தீராப் பகையைக் குறிக்கும் வைரம் என்ற வடமொழிச் சொல்லில் இருந்து வந்தது அது. எதிலுமே 'ஒரே வாய்க்கால்' இல்லை.

பங்காளியில் இருக்கிறது. பங்கு + ஆளி. கூட்டாளி, முதலாளி, தொழிலாளி எல்லாம் இதே அச்சு. நடைமுறையில் அப்பா வழிச் சொந்தம், பூர்வீகச் சொத்தில் பங்கு உள்ளவர். மாமன் மச்சானுக்குப் பெண் கொடுக்கலாம், எடுக்கலாம், கேலி பேசலாம், ஆனால் நம் பாட்டன் நிலத்தில் அவருக்குப் பங்கு கிடையாது, அதனால்தான் அந்தப் பக்கம் சிரிப்பும் இந்தப் பக்கம் முறைப்பும். பங்காளி வீட்டில் மாடி எழும்பினால் இங்கே அடிக்கும் ஜுரத்துக்குப் 'பங்காளிக் காய்ச்சல்' என்று பெயரே வைத்திருக்கிறோம். அதே பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் நமக்கும் தீட்டு. இலங்கைத் தமிழில் கூட்டணியில் இருக்கும் கட்சியைப் பங்காளிக் கட்சி என்று நல்ல பொருளிலேயே எழுதுகிறார்கள், நம் ஊரில் சினேகிதனைக் கூப்பிடவும் 'என்ன பங்காளி' வருகிறது. இன்னும் கொஞ்சம் தோண்டினால் பகுதி, பகிர்வு, பகை மூன்றும் 'பகு' என்ற ஒரே வேரில் நிற்கின்றன. பங்கும் அந்தக் குடும்பம்தான் என்பது வேர்ச்சொல் ஆராய்ந்தவர்கள் சொல்வது. பங்கிடுவதும் பகைப்பதும் ஒரே வேரில் முளைத்த மொழி நம்முடையது, ரைவலுக்குச் சொல் தேடி நாம் எங்கேயும் போக வேண்டியதில்லை.

சங்க காலத்திலேயே இதற்கு ஒரு காட்சி உண்டு. நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி இருவரும் சோழர்கள், ஒருவர் கோட்டையை ஒருவர் முற்றுகையிட்டு நிற்கிறார்கள். கோவூர் கிழார் நடுவில் போய், எதிரே இருப்பவன் பனம்பூச் சூடிய சேரனும் இல்லை, வேப்பம்பூச் சூடிய பாண்டியனும் இல்லை, உன் தலையில் சூடிய கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்கிறார். புறநானூற்றில் 45-ஆவது பாட்டு. ஜெர்சி நிறத்தை வைத்து எதிரி யார், பங்காளி யார் என்று பிரித்துக் காட்டிய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

இப்போது வளைகுடாவுக்குப் போவோம். ஜயன்ட்ஸ் அணி 1958-இல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தது. பத்து வருஷம் கழித்து 1968-இல் கான்சாஸ் சிட்டியிலிருந்து அத்லெடிக்ஸ் அணி வந்து, வளைகுடாவின் குறுக்கே போகும் பே பிரிட்ஜ் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓக்லாந்தில் குடியேறியது. தலைமடையும் கடைமடையும் அப்போதே முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டும் வேறு வேறு லீக், 1997 வரைக்கும் சீசன் ஆட்டத்தில் இவர்கள் நேருக்கு நேர் மோதியதே இல்லை. அதற்குமுன் வளைகுடாவில் மோதிய பெரிய ஆட்டம் 1989 உலகத் தொடர் ஒன்றுதான், அதாவது இரண்டு லீக்கையும் ஜெயித்தவர்கள் மோதும் இறுதித் தொடர். அதிலும் மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால், அக்டோபர் 17 மாலை 5.04-க்கு லோமா பிரீட்டா நிலநடுக்கம் வந்து பாலத்தின் மேல்தளத்தில் ஒரு துண்டு விழுந்தது. பத்து நாள் கழித்து ஆட்டம் தொடர்ந்தது, அத்லெடிக்ஸ் நாலுக்கு நாலும் ஜெயித்தது. மைதானத்தில் மோதாதவர்களை ரைவல் என்று எப்படிச் சொன்னார்கள்? கூட்டம் ஒன்று, விளம்பரப் பணம் ஒன்று, வளைகுடா ஒன்று. பாதி ஜயன்ட்ஸ் பாதி அத்லெடிக்ஸ் என்று நடுவில் தையல் போட்ட தொப்பிகூட விற்றார்கள், அதைப் போட்டுக்கொண்டு வருகிறவரை இரண்டு பக்கமும் முறைக்கும், ஆனாலும் தொப்பி விற்றது. 2018-இல் இருவருக்கும் ஒரு கோப்பை வைத்தார்கள், அது இடித்துப்போட்ட பழைய பாலத்தின் இரும்பில் செய்தது.

வாய்க்கால் தகராறு என்று பார்த்தால் அது சாண்டா கிளாரா கவுண்டியில் நடந்தது. அமெரிக்க பேஸ்பாலில் ஒவ்வொரு அணிக்கும் இன்ன இன்ன கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) என்று எல்லை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். 1990 வாக்கில் ஜயன்ட்ஸ் தெற்கே சான் ஹோசேக்குப் போக நினைத்தபோது அத்லெடிக்ஸ் உரிமையாளர் வால்டர் ஹாஸ், சரி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சான் ஹோசே இருக்கிற சாண்டா கிளாராவை ஒரு காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். 1992-இல் சான் ஹோசே வாக்காளர்கள் மைதானம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், ஜயன்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவிலேயே இருந்துவிட்டது, ஆனால் வாங்கிய எல்லையைத் திருப்பித் தரவில்லை. பின்னால் அத்லெடிக்ஸ் ஃபிரீமான்டில் மைதானம் கட்டப் பார்த்து 2009-இல் கைவிட்டு, சான் ஹோசேக்காவது போகிறேன் என்றபோது ஜயன்ட்ஸ் மடையைத் திறக்கவே இல்லை. சான் ஹோசே நகராட்சி 2013-இல் வழக்குப் போட்டது, பேஸ்பாலுக்கு 1922 தீர்ப்பு ஒன்றால் ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு இருக்கிறது என்று கீழ்க் கோர்ட்டுகள் தள்ளிவிட்டன, 2015-இல் உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. அன்றைக்கு ஹாஸ் ஒரு வெள்ளைத்தாளில் 'அணி வராவிட்டால் நிலம் எனக்கே' என்று எழுதி வாங்கியிருக்கலாம். எந்தக் குடும்பத்திலும் கேட்கிற புலம்பல்தான்.

கடைசியில் 2024 செப்டம்பர் 26-ஆம் தேதி ஓக்லாந்தில் அத்லெடிக்ஸின் கடைசி ஆட்டம், 46,889 பேர் வந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம், கூட்டம் வருவதில்லை என்ற பேச்சுக்குப் பதிலாக, உரிமையாளரைப் பார்த்து 'விற்றுவிடு' என்று எழுதிய பச்சைச் சட்டையோடு 27,759 பேர் வந்து உட்கார்ந்ததும் அதே மைதானம்தான். இப்போது அத்லெடிக்ஸ் தற்காலிகமாக சாக்ரமென்டோவுக்குப் பக்கத்தில் ஆடுகிறது, போய்ச் சேர வேண்டிய இடம் லாஸ் வேகஸ். ஏழு மில்லியனுக்கு மேல் ஜனம் இருக்கிற வளைகுடா முழுக்க ஜயன்ட்ஸுக்கு மட்டும்.

பங்காளி போனால் பங்கு முழுதும் நமக்கு என்றுதான் எல்லோரும் நினைப்பது. நியூயார்க்கில் அது நடக்கவில்லை. 1957 முடிவில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலீஸுக்கும் ஜயன்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குமாக மேற்கே கிளம்பின, போனால் சேர்ந்துதான் போக வேண்டும் என்பது லீக் போட்ட நிபந்தனை. ஊரே அங்கிருந்த மூன்றாவது அணியான யாங்கீஸுக்கு மிஞ்சியது. 1958-இல் யாங்கீஸ் கூட்டம் ஏறியதா என்றால் இல்லை, முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. புரூக்ளின்காரர் தன் அணி போய்விட்டது என்பதற்காகப் பங்காளி வீட்டு வாசலில் போய் நிற்பாரா? 1962-இல் நியூயார்க்கில் மெட்ஸ் என்ற புது அணி பிறந்தது, டாட்ஜர்ஸின் நீலத்தையும் ஜயன்ட்ஸின் ஆரஞ்சையும் எடுத்து உடுத்திக்கொண்டு. முதல் சீசனிலேயே 120 ஆட்டம் தோற்றது. ஆனால் 1964-இல் தன் லீக்கில் கடைசி இடத்தில் கிடந்த மெட்ஸுக்கு, இன்னொரு லீக்கை ஜெயித்த யாங்கீஸைவிட அதிகக் கூட்டம் வந்தது. வாஷிங்டனில் 2005-இல் அணி வந்தபோது பக்கத்து ஊர் அணியான பால்டிமோர் போட்ட கூச்சலும், அதை அடக்க ஆட்டங்களைக் காட்டும் டிவி சேனலில் பெரும்பங்கை பால்டிமோருக்கே கொடுத்ததும், பிறகு அந்தப் பங்குப் பணத்துக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்ததும் தனிக் கதை, அதில் 'பங்கு' என்ற சொல்லை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

என்னைக் கேட்டால் வளைகுடாவுக்கு இரண்டாவது அணி வேண்டும். தண்ணீர் போதாமல் யாரும் போகவில்லை, மடை அடைத்ததாலும் மைதானம் கட்ட முடியாததாலும் போனார்கள். இனி எழுதும்போது ஜயன்ட்ஸும் அத்லெடிக்ஸும் மோதினால் 'பங்காளி ஆட்டம்' என்று எழுதப்போகிறேன். உள்ளூர் ரைவல்ரிக்குப் பங்காளிப் போட்டி, சூடு ஏறினால் பங்காளிச் சண்டை, எல்லை உரிமைக்கு மோதினால் வாய்க்கால் தகராறு. ஜயன்ட்ஸ்-டாட்ஜர்ஸுக்கு மட்டும் பங்காளிப் பகை. ஒரே ஊரில் பிறந்து, சேர்ந்தே ஊரைவிட்டுப் போய், 600 கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டிக்கொண்டும் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகளுக்கு அதுதான் பொருத்தம்.

ஓக்லாந்தில் பாலர்ஸ் என்று ஒரு புது அணி 2024-இலிருந்து ரைமண்டி பார்க்கில் ஆடுகிறது, பயனியர் லீக் என்ற சின்ன லீக்கில், 2025-இல் அதை ஜெயித்தும்விட்டது. தொழில்முறை அணிதான், ஓக்லாந்து ஜனம் ஆசையாகத்தான் போகிறது. ஆனால் அதை ஜயன்ட்ஸின் பங்காளி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இது வாய்க்கால் இல்லை, கொல்லையில் தானாகத் தோண்டிக்கொண்ட கிணறு.