தொட்டபெட்டா 19,722 மீட்டர்

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். கணினிக்கு இது இரண்டு பைட் (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையிலான எண்): 10, 77. பத்தை 256ஆல் பெருக்கி 77ஐக் கூட்டினால் 2,637. அதே இரண்டையும் முன்பின்னாகப் படித்தால் 19,722. எவரெஸ்ட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்!

2000 பிப்ரவரியில் நாசா விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவின் ஹெச்.ஜி.டி. கோப்புகளில் மேல் பைட், அதாவது 256ஆல் பெருக்க வேண்டியது, முதலில் வரும். இந்த வரிசைக்குப் பெயர் பிக் எண்டியன். நம் மேசையிலிருக்கும் இன்டெல், ஏ.எம்.டி. கணினிகளோ கீழ் பைட்டை முதலில் வைக்கும் லிட்டில் எண்டியன். இந்தக் கோப்புகளுக்கு ஹெடரே, அதாவது தன்னைப் பற்றிச் சொல்லும் முன்பகுதியே, கிடையாது. எந்த வரிசை என்று கோப்பு சொல்லாது, நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் பட்டுவிடும் என்று நினைப்போம். நான் பார்த்தது வேறு. ஒரு வேலையில் 9,000 மீட்டருக்கு மேலும் பூஜ்ஜியத்துக்குக் கீழும் வந்ததையெல்லாம் கோளாறான புள்ளிகள் என்று கழித்துவிட்டு, மிச்சத்தை வைத்து வெள்ளம் தேங்கும் இடங்களை வரைந்திருந்தார்கள். மிச்சமும் பொய்தான். 6 மீட்டர் கடலோர நிலம் 1,536 ஆகியிருந்தது. அதைவிட மோசம், அளவு கிடைக்காத இடத்துக்கு வைக்கும் -32,768 என்ற குறி, புரண்டால் 128 ஆகிவிடும். 128 மீட்டர் மேட்டை யார் சந்தேகிப்பார்கள்?

பைத்தான் மொழியின் எண் கணக்கு நூலகமான நம்பையில் பைட் வரிசையைச் சோதிக்கப் பலரும் டிடைப்பின் (தரவு எந்த வகை என்ற அறிவிப்பின்) ‘பைட்ஆர்டர்’ பண்பைப் பார்க்கிறார்கள். அது கோப்பைப் பார்த்துச் சொல்லும் பதில் அல்ல. படிக்கும்போது நாம் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறது. இன்னொன்று, ‘<’ என்று, அதாவது லிட்டில் எண்டியன் என்று அறிவித்தாலும், லிட்டில் எண்டியன் கணினியில் ‘=’ (சொந்த வரிசை) என்றே வரும். ‘<’ உடன் ஒப்பிட்டு எழுதிய நிபந்தனை அங்கே ஒருநாளும் நிறைவேறாது. பல புலங்கள் கொண்ட டிடைப் என்றால், உள்ளே எந்த வரிசை இருந்தாலும் ‘|’ தான். கணினியின் சொந்த வரிசையா என்று அறிய ‘இஸ்நேட்டிவ்’ பண்பே நம்பகமானது.

திருத்தும்போதும் இடறுகிறோம். ‘பைட்ஸ்வாப்’ பைட்டுகளைப் புரட்டும், டிடைப்பைத் தொடாது. ‘நியூபைட்ஆர்டர்’ டிடைப்பை மாற்றும், பைட்டுகளைத் தொடாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் எண் பழையபடி தவறாகவே நிற்கும். அதனால் படிக்கும்போதே பிக் எண்டியன், 16 பிட், குறியுள்ள முழு எண் என்று அறிவித்துவிடுகிறேன். பிறகு வகை மாற்றும் ‘ஆஸ்டைப்’ கொண்டு சொந்த வரிசைக்கு மாற்றுகிறேன்.

கடலைப் பார்த்துச் சரி என்று விட்டுவிடாதீர்கள். 0 எப்படிப் புரட்டினாலும் 0. 257ம் அப்படித்தான். ஊட்டி, வால்பாறை என்று உயரம் தெரிந்த இரண்டு மூன்று ஊர்களில் வரும் எண்ணைப் பார்த்த பிறகே அடுத்த வரி எழுதுகிறேன்.